தடியும் தராசும்

அரசாங்கம் என்றால் என்னவென்று நம் நாட்டுக் கிராமவாசி ஒருவரை வினாவிப் பாருங்கள். பாராளுமன்றத்தையோ மந்திரிசபையையோ அவர் முதலிலே சொல்லமாட்டார். கச்சேரியையும் பொலிஸ் நிலையத்தையுமே சொல்வார். கச்சேரிக்கு ஆண்டிலே இரண்டொரு முறை போய்வந்தாற் போதும். பொலிஸோ வீட்டுப் படலைக்கே வந்துவிடும். அரசியலமைப்பென்றும் கட்டளைச் சட்டமென்றும் அச்சிட்டு வைத்திருப்பதெல்லாம் கடைசியிலே ஒரு கொன்ஸ்டபிளின் கையிலுள்ள தடியாகவும், நிலையத்து மேசையிலுள்ள முறைப்பாட்டுப் புத்தகமாகவுமே அவரிடம் வந்து சேர்கின்றன. அந்தத் தடி யாருடைய முதுகிலே விழுகின்றது, யாருடைய வாசலிலே காவல் நிற்கின்றது என்பது ஒரே இனத்தார் வாழும் நாட்டிலே சாதாரணக் கேள்வி. பல இனத்தாரும் பல மதத்தாரும் கலந்து வாழும் நாட்டிலோ அதுவே உயிர்க் கேள்வி.

இதனை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் அந்நிய நாட்டு உதாரணங்களையே தேடிச் செல்கின்றனர். 2020-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரிலே, ஜோர்ஜ் புளொயிட் என்ற கறுப்பினத்தவர் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரின் முழங்காலின் கீழே மூச்சடங்கி மாண்டது உலகறிந்த செய்தி. 1981-இல் இலண்டன் பிரிக்ஸ்டன் பகுதியிலே எழுந்த கலகமும், அதனை விசாரித்த ஸ்கார்மன் பிரபுவின் அறிக்கையும் சட்டம் பயில்வோர் அறிந்தவை. அவற்றையெல்லாம் நாமும் அறிந்துகொள்ள வேண்டியதே. ஆயினும் நமது முற்றத்திலேயே நூறாண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றை விட்டுவிட்டு அயல் வீட்டுக் கதையை மட்டும் பேசுவது எனக்கு உவப்பாயில்லை. நான் சொல்ல வருவது 1915-ஆம் ஆண்டுக் கலவரம்.

அந்த ஆண்டை நாம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நினைவு வைத்திருக்கின்றோம். தமிழரைக் கேட்டால் பொன்னம்பலம் இராமநாதன் கப்பலேறி இலண்டன் சென்ற வீரத்தைச் சொல்வர். சிங்களவரைக் கேட்டால் ஹென்றி பேத்ரிஸ் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டதையும், சேனநாயக்க சகோதரர் மறியலிலே கிடந்ததையும் சொல்வர். முஸ்லிம்களைக் கேட்டால் எரிந்த கடைகளையும் உடைந்த பள்ளிவாசல்களையும் சொல்வர். மூன்று நினைவுகளும் மெய்யே. மூன்றும் ஒரே கதையின் பாகங்கள் என்பதைத்தான் நாம் மறந்துபோனோம். காவற்படை என்ற சாளரத்தின் வழியே பார்த்தால் அவை ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதைக் காணலாம்.

கதையின் தொடக்கம் கம்பளையிலே. அங்குள்ள வலஹாகொட தேவாலயத்தின் பெரஹரா ஆண்டுதோறும் மேளதாளத்துடன் அம்பகமுவ வீதியாற் செல்வது நெடுநாள் வழக்கம். அவ்வீதியிலே கரையோரச் சோனகர் பள்ளிவாசலொன்றை அமைத்திருந்தனர். தென்னிந்தியாவிலிருந்து வியாபாரத்தின் பொருட்டு வந்து குடியேறிய முஸ்லிம்களையே அக்காலத்திலே கரையோரச் சோனகர் என்று அழைத்தனர். பள்ளிவாசலின் முன்னே மேளம் அடிக்கலாகாது என்றனர் அவர்கள். 1815-ஆம் ஆண்டு கண்டி உடன்படிக்கையிலே பௌத்த மதத்துக்கும் அதன் கிரியைகளுக்கும் பிரித்தானிய அரசு பாதுகாப்பு வாக்களித்திருக்கின்றதே என்றனர் தேவாலயத்தார். 1912-இல் அரசாங்க அதிபர், பள்ளிவாசலின் இருபுறமும் குறிப்பிட்ட தூரத்துக்கு மேளத்தை நிறுத்தினாலன்றி அனுமதிப் பத்திரம் கிடையாதென்று கூறிவிட்டார். பஸ்நாயக்க நிலமே வழக்குத் தொடர்ந்தார். கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் 1914-இல் தேவாலயத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியிலே சுப்ரீம் கோடு அத்தீர்ப்பைப் புரட்டியது. உடன்படிக்கை கையெழுத்தாகி நூறாண்டு நிறைவெய்துவதற்குச் சரியாக ஒரு மாதத்துக்கு முன்னரே அது நிகழ்ந்தது. சிங்கள பௌத்தரின் நெஞ்சிலே அது எத்தகைய புண்ணை உண்டாக்கியிருக்கும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வழக்கு முழுவதிலும் ஒரு சிறு கருவி அடிக்கடி தலைகாட்டுகின்றது: அனுமதிப் பத்திரம். மேளம் அடிக்கவும் ஊர்வலம் போகவும் அரசாங்கத்திடம் பத்திரம் பெறவேண்டும். வெளிப்பார்வைக்கு அற்பமான காகிதத் துண்டு. ஆனால் எந்தச் சமயத்தின் ஒலி வீதியிலே கேட்கலாம், எந்த இடத்திலே அது அடங்கவேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் முழுவதும் அக்காகிதத்திலே அடங்கியிருந்தது. அதனை வழங்குபவர் கச்சேரியிலே இருந்தார். இடையிரவிலே வீதியில் நின்று நிறைவேற்ற வேண்டியவர் பொலிஸ்காரர்.

அந்த இடையிரவு 1915 மே மாதம் 28-ஆம் நாள் வந்தது. வெசாக் இரவு. கண்டி நகரிலே பக்திப் பாடல் பாடும் கோஷ்டிகள் வண்டிகளை அலங்கரித்துக்கொண்டு வீதிவலம் வந்தன. காசில் ஹில் வீதியிலே பள்ளிவாசலொன்று இருந்தது. நள்ளிரவு கடந்து பள்ளிவாசல் பூட்டப்பட்ட பின்னரே அவ்வழியாற் செல்லலாம் என்பது அனுமதியின் நிபந்தனை. கோஷ்டி வந்தபோது நள்ளிரவு கடந்துதான் இருந்தது. ஆனால் பள்ளிவாசலிலே விளக்கெரிந்தது, ஆட்களும் நின்றனர். காவலுக்கு நின்ற இன்ஸ்பெக்டர் ஊர்வலத்தை வேறு தெருவாலே திருப்பிவிட முயன்றார். திரும்பியவர்களைப் பார்த்துச் சோனகர் சிலர் ஏளனஞ் செய்தனர். பின்னால் இன்னொரு கோஷ்டியும் வந்து சேர்ந்தது. கற்கள் பறந்தன. பள்ளிவாசல் தாக்கப்பட்டது. கைவிரல்களால் எண்ணிவிடக் கூடிய தொகையினரான பொலிஸார் அங்கே நின்றனர்.

யார் முதலிலே கல்லெறிந்தார் என்று நூறாண்டாக வாதிடுகின்றனர். எனக்கு அதிலே அக்கறையில்லை. பல மாதங்களாக வழக்காலும் பத்திரிகைகளாலும் சூடேறியிருந்த நகரிலே, வெசாக் இரவிலே, இன்ன வீதியிலே இன்ன நேரத்திலே ஊர்வலம் வரும் என்று அரசாங்கமே எழுதிக்கொடுத்திருந்த இடத்திலே, ஏன் அத்தனை சிறிய காவல்? ‘பள்ளிவாசலைப் பூட்டுங்கள்’ என்று அந்தப் பக்கத்தாரிடம் முன்கூட்டியே போய்ச் சொல்லி ஒப்புதல் பெற்றவர் யார்? நிபந்தனையை ஒரு சாராருக்கு மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டு, மற்றச் சாரார் அதற்கிணங்க நடப்பர் என்று நம்பியிருந்தது நிர்வாகம். கலவரத்தின் முதற் கல் அந்த நம்பிக்கைதான் என்பேன்.

அடுத்த சில நாட்களிலே நெருப்பு கண்டியிலிருந்து கொழும்புக்கும், மேல், மத்திய, தென், வடமேல், சப்பிரகமுவ மாகாணங்களுக்கும் பாய்ந்தது. சோனகருடைய கடைகள் தேடித்தேடி உடைக்கப்பட்டன. கடைகளும் வீடுகளுமாக நாலாயிரத்துக்கு மேற்பட்டவை கொள்ளையிடப்பட்டன. யுத்த காலமாதலால் விலைவாசி ஏறியிருந்தது. கடைக்காரரிடம் கடன்பட்டவர் பலர். எனவே மதக் கோபத்தோடு வயிற்றுக் கோபமும், கடன் புத்தகத்தை எரித்துவிடும் ஆசையும் சேர்ந்துகொண்டன என்று ஆராய்ச்சியாளர் எழுதியிருக்கின்றனர். அக்கடைகளிலே குடும்பத்தோடு ஒளிந்திருந்தோர் அந்த முதல் நாட்களிலே அரசாங்கத்தின் தடியை எதிர்பார்த்துக் கிடந்தனர். அது வரவில்லை; வந்த இடங்களிலும் காலங்கடந்தே வந்தது. காவற்படையின் முதலாவது அநீதி இது. இதனை நம் நூல்களிலே இரண்டு வரியிலே முடித்துவிடுகின்றனர்.

இரண்டாவது அநீதியோ நூல் நூலாக எழுதப்பட்டிருக்கின்றது. யூன் 2-ஆம் நாள் தேசாதிபதி சேர் றொபேட் சாமர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். பொலிஸாரின் கையிலிருந்த பொறுப்பு பிரிகேடியர் ஜெனரல் மல்கமிடம் சென்றது. பஞ்சாபிப் படையினர் வீதிக்கு வந்தனர். அவர்களோடு ஐரோப்பியத் தோட்டத் துரைமாரும் கொழும்புக் கம்பெனிகளின் வெள்ளைக்காரச் சிப்பந்திகளும் தொண்டர் படையினராயும் விசேட கொன்ஸ்டபிள்மாராயும் துவக்கேந்திப் புறப்பட்டனர். நேற்றுவரை கணக்குப் புத்தகம் எழுதியவருக்கு இன்று உயிர் வாங்கும் உரிமை! கொள்ளையரென்று ஐயுற்றவர்களை விசாரணையின்றிச் சுவரோரமாக நிறுத்திச் சுட்ட சம்பவங்களும் உண்டு.

யூன் முதல் வாரத்தோடு கலவரம் பெரும்பாலும் அடங்கிவிட்டது. இராணுவச் சட்டம் ஓகஸ்ட் 30 வரை நீடித்தது. இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையிலுள்ள ஏறத்தாழ மூன்று மாதங்களைத்தான் வாசகர்கள் உற்று நோக்கவேண்டும். எரியும் வீட்டை அணைப்பதற்குக் கதவை உடைக்கலாம். தீ அணைந்த பின்னர் உடைப்பதற்கு வேறு பெயர். பேத்ரிஸ் என்னும் இருபத்தாறு வயது இளைஞர், கொழும்பு நகரக் காவற்படையிலே கப்டனாக இருந்தவர், இராணுவ நீதிமன்றத்தினால் விசாரிக்கப்பட்டு வெலிக்கடையிலே சுட்டுக் கொல்லப்பட்டது யூலை 7-ஆம் நாள். அன்று வீதியிலே கலகமில்லை. வழக்கமான நீதிமன்றங்கள் திறந்துதான் இருந்தன. டீ. பீ. ஜயதிலக, எப். ஆர். சேனநாயக்க, டீ. எஸ். சேனநாயக்க, டபிள்யூ. ஏ. டி சில்வா முதலிய மதுவிலக்கு இயக்கத் தலைவர்கள் மறியற்சாலையிலே அடைக்கப்பட்டனர். மதுவிலக்குக் கூட்டங்களிலே இராசத்துரோகம் வளர்வதாக அதிகாரிகள் கற்பனை செய்திருந்தனர். ஜேர்மனியோடு யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நிழலைக் கண்டாலும் ஜேர்மனியனென்று தோன்றும்.

இவற்றினும் என்னைக் கூடுதலாக வருத்துவது வேறொன்று. இழப்பீடு திரட்டுவதற்கென விசேட ஆணையாளர்கள் கிராமம் கிராமமாக அனுப்பப்பட்டனர். கடையை உடைத்தவன் யார் என்று அவர்கள் தேடவில்லை. இந்தக் கிராமத்துச் சிங்களவர் இவ்வளவு தொகை கட்டவேண்டும் என்று விதித்தனர். உடைத்தவனும் கட்டினான், உடைக்க வந்தவனைத் தடுத்தவனும் கட்டினான், தன் வீட்டு அறையிலே சோனகக் குடும்பத்தை ஒளித்து வைத்துக் காத்தவன் இருந்திருப்பானாயின் அவனும் கட்டியிருப்பான். குற்றம் என்பது மனிதனுடையதாயிராமல் இனத்தினுடையதாகிவிட்டது. கலகக்காரன் என்ன செய்தான்? எவனோ ஒரு சோனகன் மீதிருந்த கோபத்தை அகப்பட்ட சோனகன் மேலே தீர்த்தான். அரசாங்கம் என்ன செய்தது? எவனோ ஒரு சிங்களவன் செய்த குற்றத்துக்கு அகப்பட்ட சிங்களவனைத் தண்டித்தது. முன்னையதற்குக் கலகம் என்று பெயர். பின்னையதற்குக் கட்டளைச் சட்டம் என்று பெயர்.

இங்கேதான் இராமநாதன் எழுகின்றார். அப்பொழுது அவருக்கு வயது அறுபத்து நான்கு. படித்த இலங்கையரின் பிரதிநிதியாக 1911-இல் தெரிவுசெய்யப்பட்டுச் சட்டநிரூபண சபையிலே வீற்றிருந்தவர். தமிழர், சைவர், சிங்களவருக்கும் சோனகருக்கும் இடையிலான சண்டையிலே அவருக்கு நேரடித் தொடர்பில்லை. பேசாமல் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ சபையிலே எழுந்து, நடந்தது கலகமேயன்றி அரசுக்கெதிரான புரட்சியன்று, புரட்சியில்லாத இடத்திலே இராணுவச் சட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்டார். பின்னர், யுத்தத்தினால் ஆபத்து நிறைந்திருந்த கடலிலே கப்பலேறி இலண்டன் சென்று குடியேற்ற நாட்டுக் காரியாலயத்திலே முறையிட்டார். 1916-இல் அவர் அங்கே வெளியிட்ட நூல் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றது. ஈ. டபிள்யூ. பெரேராவும் இலண்டன் சென்றார். கண்டவுடன் சுடும்படி விடுக்கப்பட்ட இரகசியக் கட்டளையின் பிரதியைச் சப்பாத்தின் அடித்தோலுக்குள் மறைத்துக் கொண்டுபோனார் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் கதை. ‘மோர்னிங் லீடர்’ ஆசிரியர் ஆர்மண்ட் டி சூசா, அந்த நாட்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். இராமநாதன் திரும்பி வந்தபோது சிங்கள மக்கள் வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே அதனை இழுத்துச் சென்றனர்.

இதுவரை நமது பெருமை. இனி ஒரு கசப்பான வார்த்தையும் சொல்லியாகவேண்டும். இராமநாதனுடைய வாதத்திலே இராணுவச் சட்டத்தின் கொடுமை மலைபோல் நிற்கின்றது. கடையிழந்த சோனகரின் துயரம் அதன் அடிவாரத்துக் கல்லளவுதான் தெரிகின்றது. ஏற்கனவே 1888-இல், இலங்கைச் சோனகர் இனத்தாலே தமிழர்தாம் என்று அவர் வாசித்த கட்டுரையினால் முஸ்லிம்கள் மனம் நொந்திருந்தனர். 1915-க்குப் பின் அந்த நோவு ஆறாத வடுவாயிற்று. சட்டத்தைப் பற்றி அவர் சொன்னதிலே எழுத்தெண்ணி ஒப்புக்கொள்ளத் தக்கது பெரிது. ஆனால் அதிகாரம் மிஞ்சியதைக் கண்டிக்கும் ஆர்வத்திலே அதிகாரம் வராமற் போனதைக் கண்டியாமல் விட்டால், யாருக்கு அது வராமற் போயிற்றோ அவர் நம்மை நம்பமாட்டார். இன்றைக்கும் பொலிஸ் அத்துமீறலைப் பற்றிக் கூட்டம் கூட்டுவோர் பலர் இந்தக் குழியிலே விழுவதைக் காண்கின்றேன். அடிபட்டவனுக்காகப் பேசும் குரல், காவல் கிடையாதவனுக்காகவும் பேசவேண்டும்.

மேலிடத்தின் முடிவு என்னவாயிற்று? சாமர்ஸ் திரும்ப அழைக்கப்பட்டார். அவருக்குப் பின் 1916-இல் வந்த சேர் ஜோன் அண்டர்சன் காலத்திலே துவக்குச் சூடுகள் விசாரிக்கப்பட்டன. ஆயினும் 1915 ஓகஸ்டிலேயே காப்புக் கட்டளையொன்று பிறப்பிக்கப்பட்டிருந்தது. நல்லெண்ணத்தோடு செய்தோம் என்று சொல்லக்கூடிய எவர்மீதும் வழக்குத் தொடர முடியாதபடி அது வேலியிட்டுவிட்டது. விசாரணை ஒரு கையால். வேலி மறு கையால். இந்த முறையை நம் நாடு பின்னர் மறந்துவிடவில்லை.

ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜண்ட் ஒருவர் எனக்குப் பழக்கமானவர். மட்டக்களப்பைச் சேர்ந்த தமிழர். மலைநாட்டிலே நெடுங்காலம் கடமை புரிந்தவர். சிங்களம் தாய்மொழி போலப் பேசுவார். ஒருநாள் அவரிடம், கூட்டமொன்றை எதிர்கொள்ளும்போது உங்கள் மனத்திலே முதலிலே தோன்றுவது என்னவென்று கேட்டேன். சட்டப் புத்தகத்தைச் சொல்வாரென்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார்.

“தம்பி, தெரிந்த முகம் ஒன்றைத்தான் தேடுவோம். தெரிந்த முகமென்றால் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டவனை அடிக்கக் கை இலகுவில் எழும்பாது. அவனும் கல்லைக் கீழே போட்டுவிடுவான். தெரிந்த முகமே இல்லாவிட்டால்தான் பயம். பயந்தவன் கையிலே துவக்கு இருந்தால், பிறகு அதுதான் பேசும்.”

பொலிஸ் கல்லூரி நூல்களிலே இவ்வளவு சுருக்கமான விளக்கம் கிடைக்குமோ அறியேன். 1915-இல் துவக்கேந்திய துரைமாருக்கு அந்த வீதிகளிலே ஒரு பெயரும் தெரியாது, மொழியும் தெரியாது. ஆனால் சார்ஜண்டின் வார்த்தைக்கு மறுபுறமும் உண்டு. அதையும் அவரிடம் கேட்டேன். “உங்களுக்குத் தெரிந்த முகங்களெல்லாம் ஒரு பக்கத்திலேயே இருந்தால்?” அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “அப்போது மற்றப் பக்கத்தான் பாடு கஷ்டந்தான், தம்பி” என்றார். ஒரே இனத்தாரைக் கொண்டு பல இனத்தாரைக் காவல் செய்வதிலுள்ள கோளாறு முழுவதும் அந்த மௌனத்திலே இருந்தது.

இக்கோளாறு தற்செயலாக வந்ததன்று, திட்டமிட்டு அமைக்கப்பட்டது. அதன் பூர்வீகத்தை அறிய அயர்லாந்துக்குப் போகவேண்டும். சேர் றொபேட் பீல் என்ற ஒரே மனிதர் இரண்டு விதமான பொலிஸை உண்டாக்கினார். அயர்லாந்தின் பிரதம செயலாளராக இருந்தபோது, 1814-இல், குழப்பமுள்ள மாவட்டங்களை அடக்குவதற்கென ஒரு படையை அமைத்தார். அந்த வழியிலே பின்னர் வளர்ந்த ஐரிஷ் கொன்ஸ்டபிள் படை துவக்கேந்தியது; பாசறைகளிலே வாழ்ந்தது; மக்களிடமிருந்து விலகி நின்று மக்களைக் கவனித்தது. 1829-இல் அதே பீல் இலண்டன் மாநகருக்கு அமைத்த பொலிஸோ துவக்கில்லாதது. இராணுவத்தின் சிவப்பை நினைவூட்டாதிருக்க நீல உடை அணிந்தது. தம் சொந்த மக்களுக்கு நீலச் சட்டைக்காரர்; அடக்கி ஆளவேண்டியவர்களுக்குத் துவக்குக்காரர். (பீல் எழுதியதாகப் பெயர்பெற்ற ஒன்பது பொலிஸ் கொள்கைகள், ‘பொலிஸே மக்கள், மக்களே பொலிஸ்’ என்ற கருத்துள்ளவை, உண்மையிலே இருபதாம் நூற்றாண்டிலே சார்ள்ஸ் றீத் என்ற வரலாற்றாசிரியர் தொகுத்து உருவாக்கியவை என்பது ஆராய்ச்சியாளர் முடிபு. நல்ல வாக்கியங்களுக்குப் பெரியவர் ஒருவரின் பெயரைச் சூட்டுவது எங்கும் உள்ள வழக்கம்தானே.)

குடியேற்ற நாடுகளுக்கு ஏற்றுமதியானது இலண்டன் சரக்கன்று, ஐரிஷ் சரக்கு. 1907 முதல் குடியேற்ற நாட்டுப் பொலிஸ் அதிகாரிகள் டப்ளின் பீனிக்ஸ் பூங்காவிலிருந்த ஐரிஷ் கொன்ஸ்டபிள் படையின் பயிற்சிப் பாசறையிலே பயிற்சி பெறவேண்டுமென்று விதிக்கப்பட்டது. நமது நாட்டிலே 1913 முதல் 1937 வரை இருபத்து நான்கு ஆண்டுகள் பொலிஸ் மா அதிபராக வீற்றிருந்த சேர் ஹேர்பட் டவ்பிகின் இந்த மரபின் பெருந்தூண். 1915 கலவரத்தின்போது பொலிஸின் தலைவர் அவரே. அந்த ஆண்டின் அனுபவம் அவருடைய புகழைக் குறைக்கவில்லை. 1926-இல் சைப்பிரசுக்கும், 1929-ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் 1930-இல் பலஸ்தீனத்துக்கும் பொலிஸைச் சீரமைக்க ஆலோசகராக அவரையே அனுப்பினர். இரு சமூகங்கள் மோதிக்கொள்ளும் நாடுகளுக்கு இலங்கையிலிருந்து நிபுணர் போனார் என்ற செய்தியை வாசிக்கும்போது சிரிப்பதா, பெருமூச்சு விடுவதா என்று தெரியவில்லை.

அந்த ஐரிஷ் மரபின் தாய்வீட்டிலேயே பின்னர் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. வட அயர்லாந்திலே 1922 முதல் இருந்த றோயல் அல்ஸ்டர் கொன்ஸ்டபிள் படையிலே கத்தோலிக்கர் நூற்றுக்கு 8 பேரளவிலேயே இருந்தனர். நாட்டு மக்களிலோ அவர்கள் நூற்றுக்கு 40-க்கு மேல். 1998-ஆம் ஆண்டுச் சமாதான உடன்படிக்கையைத் தொடர்ந்து கிறிஸ் பற்றன் தலைமையிலே அமைந்த ஆணைக்குழு 1999-இல் 175 சிபார்சுகளை வெளியிட்டது. 2001 நவம்பரிலே படையின் பெயரும் சின்னமும் மாறின. பத்தாண்டுக் காலத்துக்கு, எடுக்கும் ஆட்களிலே பாதிப்பேர் கத்தோலிக்கராகவும் பாதிப்பேர் ஏனையோராகவும் இருக்கவேண்டுமென விதி செய்தனர். 2011-இல் அவ்விதி நீங்கியபோது கத்தோலிக்கரின் தொகை நூற்றுக்கு 30 அளவுக்கு உயர்ந்திருந்தது. அதன் பின் பெரிதாக உயரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கலவர ஆண்டுகளிலே முந்நூறு பேரளவு உயிரிழந்த படை அது. அவர்களுடைய குடும்பத்தாருக்குப் பெயர் மாற்றம் நெருப்பாய்ச் சுட்டது. இருந்தும் செய்தார்கள்.

நம் நாட்டிலே என்ன செய்தோம்? கூட்டத்தைக் கலைப்பதற்கு வேண்டிய அளவினும் மேற்பட்ட பலத்தைப் பிரயோகித்தலாகாது என்பது நமது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் நெடுநாளைய விதி. உயிரைக் காப்பதற்கு வேறு வழியே இல்லாதபோதன்றி உயிர் போக்கும் நோக்குடன் சுடலாகாது என்ற 1990-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் கோட்பாடும் நமக்குத் தெரியாததன்று. எழுத்திலே குறைவில்லை. ஆனால் 1947-ஆம் ஆண்டுப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தினால், சாமர்ஸ் அசாதாரணமாகச் செய்ததைப் பின்வந்த அரசாங்கங்கள் சாதாரணமாகச் செய்ய வசதி கிடைத்தது. 1974 ஜனவரி 10-ஆம் நாள் யாழ்ப்பாணத்திலே தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நிகழ்ச்சியிலே பொலிஸார் கூட்டத்துக்குள் புகுந்ததன் விளைவாக உயிர்கள் போயின. 1981-இல் வெளிமாவட்டங்களிலிருந்து கொண்டுவந்து குவிக்கப்பட்ட பொலிஸார் நகரிலே இருக்க, 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத ஊருக்குத் துவக்கோடு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள்.

2001-இல் பதினேழாவது திருத்தத்தினால் தேசிய பொலிஸ் ஆணைக்குழு பிறந்தது. 2010-இல் பதினெட்டாவது அதனை வலுவிழக்கச் செய்தது. 2015-இல் பத்தொன்பதாவது நிமிர்த்தியது. 2020-இல் இருபதாவது மறுபடியும் சாய்த்தது. 2022-இல் இருபத்தோராவது மீண்டும் நிமிர்த்தியது. நூற்பந்து பாவுக்கும் ஊடைக்குமாக ஓடுவது போல. 1987-ஆம் ஆண்டுப் பதின்மூன்றாவது திருத்தத்திலே மாகாணங்களுக்கென எழுதப்பட்ட பொலிஸ் அதிகாரம் ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கின்றது. அந்தத் திருத்தமே தமிழையும் அரச கரும மொழியாக்கியது.

மொழி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகின்றது. சில ஆண்டுகளுக்கு முன் மலைநாட்டுப் பட்டினமொன்றிலே எனது சைக்கிள் களவுபோயிற்று. நிலையத்துக்குச் சென்றேன். உத்தியோகத்தர் மரியாதையானவர், இருக்கை தந்தார். நான் தமிழிலே சொல்ல, அங்கே வேறு அலுவலாக வந்திருந்த ஒரு கடைக்காரர் சிங்களத்திலே சொல்ல, அவர் எழுதினார். பக்கம் நிறைய எழுதியதை என் முன்னே வைத்துக் கையொப்பமிடச் சொன்னார். இது என் வாக்குமூலமாம். அதிலே இருந்தவற்றுள் எனக்கு விளங்கியது சைக்கிளின் இலக்கம் மட்டுமே. இழந்தது சைக்கிளாகையால் நான் சிரித்துக்கொண்டு வெளியே வந்தேன். மகனைத் தேடிப் போன தாய்க்கும் இதே மேசைதான், இதே புத்தகந்தான். தமிழிலே முறைப்பாடு எழுதத் தெரிந்தவர் இல்லாத நிலையங்கள், தமிழ் மக்கள் வாழும் இடங்களிலேயே இன்றும் உண்டு. பொலிஸ் சீர்திருத்தம் பற்றிப் பெரிய அறிக்கைகள் வெளிவரும்போதெல்லாம் நான் முதலிலே தேடுவது இந்தச் சிறு விஷயத்தைத்தான்.

2018 மார்ச் மாதத்திலே கண்டி மாவட்டம் மறுபடியும் எரிந்தது. தெல்தெனியவிலே முஸ்லிம் இளைஞர் சிலரால் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் ஆஸ்பத்திரியிலே மாண்டார். தாக்கியோர் மீது சட்டம் நடவடிக்கை எடுக்கத் தொடங்கியிருந்தது. ஆனால் திகனையிலும் சுற்றுப்புறங்களிலும் கூடிய கும்பல்கள், அத்தாக்குதலோடு எந்தத் தொடர்புமில்லாத முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் உடைத்தன. எரிந்த வீடொன்றினுள் ஒரு முஸ்லிம் இளைஞர் உயிரிழந்தார். பொலிஸார் நிற்கக் கண்டும் தாக்குதல் நிற்கவில்லையென அவ்வூரார் முறையிட்டனர். மார்ச் 6-ஆம் நாள் நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. அந்தக் கிழமையிலேயே இழப்பீட்டைப் பற்றிய பேச்சும் தொடங்கிவிட்டது.

திகனையிலிருந்து பஸ்ஸேறினால் காசில் ஹில் வீதிக்கு ஒரு மணி நேரங்கூடச் செல்லாது.